சர்க்கரைக்குக் கீழே உள்ள வரிகள்

அளவு தவறாத என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் இரண்டரை வருடம். உங்கள் இஞ்ச் டேப் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

சித்திரையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. உடனே உங்கள் ஞாபகம்.

பனியன் கம்பெனி கேட்டில் மருத்துவ முகாம் போட்ட அன்று உங்கள் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். "எனக்குச் சுகர் இல்லையாமா கண்ணு" என்று ஜிலேபியோடு வீட்டுக்கு வந்தீர்கள்.

"ஏம்புள்ள, பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டியாக்கு?" என்றார் அப்பா.

"உங்களுக்கு ஜிலேபி வேண்டாம்னா வெச்சுட்டுப் போங்க" என்றீர்கள்.

அடுத்த தையில், செக்கிங் டேபிளிலேயே சாய்ந்தீர்கள். கையில் ஒரு பனியன். மாரடைப்பு என்றார்கள்.

என் டாக்டர் தாளில் விரல் வைத்தார். "சுகர் நார்மல்தானுங்க. கீழ இருக்கற வரியப் பாருங்க." ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம். நல்ல கொழுப்பு குறைவு. இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காதபோது, அதையே இன்னும் அதிகமாகச் சுரந்து சர்க்கரையை அளவில் நிறுத்திக்கொள்ளுமாம். சர்க்கரை ஏறுவதற்கு முன்பே இந்த வரிகள் மாறலாமாம். "இது முடிவு இல்லீங்க, ஒரு சாடைதான். இப்பவே திருப்பிரலாம்."

உங்களுக்கும் அதுதானா? தெரியாது. அந்த ஒரு சொட்டில் இந்த வரிகளை யாரும் தேடவில்லை.

சூப்பர்வைசரிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பீர்கள். "ஏனுங்க, நீளம் சரியா இருந்தாப் போதுங்களா? கழுத்து, தோளு, கையெல்லாம் யாரு பாக்கறது?" ஒரே அளவை வைத்து ஒரு பனியனைக்கூட நீங்கள் பாஸ் செய்ததில்லை. உங்களை மட்டும் அப்படிப் பாஸ் செய்துகொண்டீர்கள்.

மூன்று மாதம். டீயில் சர்க்கரை இல்லை. சோறு பாதி, காய் மீதி. சாப்பிட்டதும் நடை. போன வாரம் மறுபடி பார்த்தேன்: ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருக்கிறது. நல்ல கொழுப்பு அசையவில்லை. உங்கள் பிடிவாதம் அதற்கு.

அப்பாவைத்தான் அசைக்க முடியவில்லை. "எனக்குத்தான் சுகர் இல்லையே, உடு கண்ணு." உங்கள் வாக்கியம்தான். நேற்று டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினேன். "நீளம் மட்டும் பார்த்தாப் போதுங்களாப்பா?"

சிரிக்கப் போனவர், நிறுத்திக்கொண்டார். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மாள யாருமே முழுசாப் பாக்கலையே கண்ணு."

பிறகு அவரே கேட்டார்: "வெறும் வயித்துல வரோணுமா?"

நாளைக் காலை அவருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். ரிப்போர்ட்டின் கடைசி வரி வரை படிப்பேன் அம்மா, அவருடையதையும் என்னுடையதையும். அதுவரை எதையும் பாஸ் செய்ய மாட்டேன்.

உங்கள் டேப்பை இப்போது வைத்திருக்கும்
உங்கள் மகள்