இடது பக்கத்து மேகம்

ஆகஸ்ட் 4

காலையில் கீற்று மேகம். மதியத்துக்கு மேல் பஞ்சுப்பொதி போலக் குட்டித் திரள்கள். லாண்டரியில் ஓட்டல் பெட்ஷீட் அத்தனையும் மொடமொடவென்று காய்ந்தன. கொடியில் துணி போடலாமா வேண்டாமா என்று சூப்பர்வைசரே இப்போதெல்லாம் என்னிடம் வந்துதான் கேட்கிறார். இந்தப் பெருமை எல்லாம் என் வீட்டுக்காரர் இவரைத்தான் சேரும். கல்யாணமான புதிதில், பஸ் ஓட்டிவிட்டு வந்த கையோடு காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய், கீற்று, படை, திரள், கார் என்று மேகங்களின் பேரை வாய் ஓயாமல் சொன்ன மனுஷன்.

சாயங்காலம் வழக்கம்போலப் போட்டி. கீழ்வீட்டு மருந்துக்கடை அண்ணனும் வந்துவிட்டார். எங்கள் மூன்று பேருக்கும் போனில் ஒரு குழு, அதற்கு ‘வானம் பார்த்தவர்கள்’ என்று பேர் வைத்தவர் அவர்தான். ஆளுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தில் வானத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இதை மீறியவரும் மேகத்தின் பேரைத் தப்பாகச் சொன்னவரும் டீ போட வேண்டும். நேற்று வரைக்கும் இவர் டீ போட்டு நான் பார்த்ததே இல்லை.

இன்று இவர் எடுத்த படத்தின் ஓரத்தில் எங்கள் தண்ணீர்த் தொட்டி கால்வாசிக்கு நிற்கிறது. “தம்பி, தொட்டிக்கும் பேர் வெச்சுடலாமா?” என்றார் அண்ணன். இவர் போனைப் பார்த்துவிட்டு, “எந்தத் தொட்டி?” என்று கேட்டாரே பார்க்கலாம். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இவர் சிரிக்கவில்லை. டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 11

இன்றைய படத்தில் என் துணிக்கொடி. அண்ணன் அதையும் விடவில்லை. இவர் “உள்ளங்கை அளவு போன்ல எதைன்னு பாக்குறது” என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 19

ஒரு மாதிரியாக இருக்கிறது. எழுதினால் போய்விடும் என்று எழுதுகிறேன்.

மாடிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். வலது பக்கம் கொஞ்சம் கீற்று, அவ்வளவுதான். இடது பக்கம் பிரம்மாண்டமான ஒரு கார்த்திரள், அடி கறுத்து, உச்சி பட்டறைக்கல் போலத் தட்டையாகி நிற்கிறது. தெருவே அண்ணாந்து பார்க்கிறது. இவர் சொன்னார்: “வெறும் கீற்றுதான். மழை இல்லை.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நீங்க முழு மேகத்தையே மறைக்கிறீங்களே என்று நான் தோளைப் பிடித்துத் திருப்பினேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. “இது எப்ப வந்துச்சு?” என்றார்.

எப்ப வந்துச்சா? அப்படி ஒன்று கண் மூடித் திறப்பதற்குள் முளைக்குமா? அதை எனக்குச் சொன்னவரே இவர்தானே.

“தம்பிக்கு டீ போடுற ருசி பிடிச்சுப்போச்சு” என்றார் அண்ணன். நானும் சிரித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 27

பஸ்ஸின் கண்ணாடி உடைந்துவிட்டது. எவனோ லாரியைக் கோணலாக நிறுத்தியிருந்தானாம். எந்தப் பக்கத்துக் கண்ணாடி என்று கேட்டேன். இடது பக்கம். சாப்பிடும்போது தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பசிக்கலையா என்றேன். “சாப்பிட்டுட்டேனே” என்றார்.

செப்டம்பர் 2

மழை. லாண்டரியில் வேலை ஓடவில்லை. இஸ்திரி மேசையில் சாய்ந்துகொண்டு குழுவில் இருக்கும் இவருடைய படங்களை வரிசையாகப் பார்த்தேன். வசந்தத்தில் எடுத்தவை ஒவ்வொன்றும் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கின்றன. அப்புறம் ஒரு படத்தில் தொட்டி. ஒன்றில் கொடி. ஒன்றில் அண்ணனின் வழுக்கை. ஒன்றில் என் தோள், நான் நிற்பதே தெரியாமல் எடுத்திருக்கிறார். எல்லாம் இடது ஓரம். ஒன்றுகூட வலது பக்கம் இல்லை.

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3

செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டேன்.

ஒரு பழைய படத்தைக் காட்டினேன். இடது பாதியில் பெரிய கார்த்திரள், வலது பாதியில் கீற்று. “கீற்று” என்றார். வேறு? “வேற ஒண்ணும் இல்லையே.” உள்ளே போய் அதே படத்தைப் போனில் இடவலம் மாற்றிக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “அடேயப்பா, கார்த்திரள். இதை எப்ப எடுத்த?”

ஒரே படம். ஒரே மேகம். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார், சரியாகச் சொல்லிவிட்டோம் என்று. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாளைக்குக் காலையில் இவருக்கு டூட்டி. பள்ளிக்கூடத்து வழி.

செப்டம்பர் 4

சொல்லிவிட்டேன். லீவு போடுங்க, டாக்டரிடம் போகலாம் என்றேன். படங்களைக் காட்டினேன். இவருக்கு வந்த கோபத்தை நான் பார்த்ததே இல்லை. “இத்தனை வருஷத்துல என் தப்பால பஸ்ஸுல ஒரு கீறல் உண்டா? விளையாட்டுப் படத்தை வெச்சு என்னைக் குருடனாக்குறியா? கண்ணுல குறைன்னு ஒரு பேச்சு வந்தா ஸ்டியரிங்கைத் தொட விடுவானா? அப்புறம் நான் என்னடி பண்றது, உன் லாண்டரியில துணி பிழியவா?”

சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வரைக்கும் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது. ஒரு ஓட்டல் சட்டையைத் தீய்த்துவிட்டேன்.

செப்டம்பர் 9

வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் படை மேகம். குழுவில் யாரும் படம் போடவில்லை.

லாண்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு இவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன். டிரைவர் பெண்டாட்டி என்று அடையாளம் தெரியாமல் டிக்கெட் கிழித்தான் கண்டக்டர். முதல் மூன்று நிறுத்தம் நன்றாகத்தான் ஓட்டினார். அட, நாம்தான் கண்டதையும் நினைத்துக்கொண்டோமோ என்றுகூடத் தோன்றியது.

பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஒரு பெண் குழந்தை, ஒரு காலைத் தெருவில் வைத்து நின்றுகொண்டிருந்தது. முதுகில் மூட்டை. பஸ் அதை நோக்கியே போகிறது, வேகம் குறையவில்லை. நான் கத்தினேன், கண்டக்டர் கத்தினான், பஸ்ஸே கத்தியது. நின்றது. புதுக் கண்ணாடி போட்ட இடது முனை அந்தக் குழந்தையின் பையை உரசிக்கொண்டு நின்றது. குழந்தை அழக்கூட இல்லை, பேயறைந்த மாதிரி நின்றது.

இவர் எட்டிப் பார்த்து, “இந்தப் பொண்ணு எங்க இருந்து வந்துச்சு?” என்றார். அதே குரல். மாடியில் அன்றைக்குக் கேட்ட அதே குரல்.

செப்டம்பர் 10

டிப்போ மேலாளரைப் போய்ப் பார்த்தேன். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலில் சிரித்தார், மேகத்தை வெச்சுப் புகார் சொல்ல வந்த முதல் ஆள் நீங்கதாம்மா என்றார். பள்ளிக்கூட நிறுத்தத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. மத்தியானமே சாவியை வாங்கிவிட்டார்கள்.

இவர் நடந்தே வீட்டுக்கு வந்தார், அவ்வளவு தூரம். பஸ்ஸில் பயணியாக உட்கார மனசு வரவில்லை போலிருக்கிறது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். “காட்டிக்குடுத்துட்டல்ல” என்றார். அவ்வளவுதான்.

ஆமாம். காட்டிக்கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த மனுஷன் உயிரோடு இருப்பாரா? என்னோடு பேசாமலாவது இருக்கட்டும்.

செப்டம்பர் 12

பேசவில்லை.

செப்டம்பர் 18

டிப்போவில் போகச் சொன்ன டாக்டர் விரலை நீட்டி நீட்டிக் கேட்டார். இடது பக்கம் எத்தனை விரலை நீட்டினாலும் இவருக்கு ஒன்றுமே இல்லை. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, குறை கண்ணுல இல்ல, தலைக்குள்ள என்றார் டாக்டர். வெளிச்சத்தில் இவர் தலையின் ஸ்கேன் படத்தை மாட்டினார். வெள்ளையாக, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. குட்டித் திரள் மேகம் மாதிரியே இருக்கிறது, சனியன். இவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேரைச் சொல்லவில்லை.

ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமாம். செய்தாலும் போன பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாதாம். உயிருக்கு? அதைக் கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்டுவது?

செப்டம்பர் 23

இன்னும் பேசவில்லை. அண்ணன்தான் நடுவில் தூது. “டீ வேணுமான்னு கேக்குறா, தம்பி.” “வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க.” இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கூத்து. வைத்தேன். வலது பக்கமாகப் பார்த்து வைத்தேன்.

செப்டம்பர் 28

நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பையைக் கட்டி வைத்துவிட்டு, அவருடைய துணிகளைத் துவைத்து மாடிக்கு எடுத்துப்போனேன். காக்கிச் சட்டையையும் துவைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

காயப்போட்டு முடிக்கும்போது படியில் காலடிச் சத்தம். கைப்பிடியைத் தடவிக்கொண்டு அவரே மேலே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தார். குழுவில் போடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் போனை என் பக்கம் நீட்டினார்.

“இடது பக்கம் என்ன இருக்கு?”

நல்லதாக ஏதாவது சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆபரேஷனுக்கு முந்தின நாள். பஞ்சுப்பொதி என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர் கேட்டது என்னிடம். என் கண்ணை நம்பிக் கேட்டிருக்கிறார்.

“பெரிய கார்த்திரள். அடி நல்லா கறுத்துருக்கு. உச்சி தட்டையாயிடுச்சு. இந்தப் பக்கமாத்தான் வருதுங்க.”

தலையை முழுக்கத் திருப்பி அவரும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப துணியை எடு” என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் போட்டேன். அவர் பிடித்துக்கொண்டார்.