கொக்கி என்னிடம், டிரெய்லர் அவனிடம்

மே 4

ஏரியில் பனிக்கட்டி முழுவதும் கரைந்துவிட்டது. காலையில் இல்போ போன் செய்தான். பிப்ரவரியில் விவாகரத்து ஆனபிறகு முதல் போன்.

பாகம் பிரித்தபோது டிரெய்லர் அவனுக்கு, சிவப்புக் குட்டிக் கார் எனக்கு. டிரெய்லரை இழுக்கும் கொக்கி இருப்பது என் காரில். அவன் வாங்கிய புது மின்சாரக் காரில் கொக்கி மாட்ட வழியில்லையாம். வாங்கும் முன் கேட்டிருக்கலாமே என்று நான் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஏரிக் குடில் சவுனாவுல நீராவிக் குளியலுக்கு விறகு கொண்டுபோகணும் ரைலி. காரை ஒரு நாள் குடு."

"கார் வரும். ஓட்டுறது நான்தான்."

"சரி."

இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட டிரெய்லரோடு என்னை ஓட்டவிட்டதில்லை அவன்.

மே 11

பிர்ச் மர விறகு. வழக்கப்படி பாரம் முழுவதையும் பின்பக்கம் அடுக்கினான். வேகம் அறுபதைத் தாண்டியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது, கூடவே காரும். இல்போ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். நான் பிரேக்கைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைத்தேன். அடங்கியது. ஓரமாக நிறுத்தினேன்.

"பாரத்தை முன்னால தள்ளு."

"இருபத்தாறு வருஷமா இப்படித்தான் ஏத்துறேன்."

"இருபத்தாறு வருஷமா ஆடிட்டுத்தானே இருந்துச்சு."

தள்ளினான்.

ஏரிக் குடிலின் ஒற்றையடிப் பாதையில் பின்னோக்கிப் போகவேண்டும். நான் இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. இல்போ இறங்கி நின்று கைகாட்டினான். "இடது. இல்ல, என்னோட இடது." கடைசியில் காரும் டிரெய்லரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. நாங்களும்தான். கொக்கியைக் கழற்றி, கையால் தள்ளிக்கொண்டு போனோம்.

மே 18

டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு, காலியாகக் கிடந்த பனிச்சறுக்கு மைதானத்து வாகன நிறுத்தத்துக்குத் தனியாகப் போனேன். விஷயம் இவ்வளவுதான்: ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தவேண்டும். இதை ஏன் யாருமே சொல்லவில்லை?

நாயோடு வந்த ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். கிளம்பும்போது சொன்னார்: "உங்களுக்கு வந்துடும்னு நாய்க்கு நம்பிக்கை இருந்துச்சு. எனக்கு இல்ல."

ஜூன் 2

பின்னால் போனேன். நேராக.

ஜூலை 13

நான்கு வாரத்தில் ஐந்தாவது லோடு. இன்று ஏற்றியது ஒரே ஒரு நாற்காலி. அவன் காரின் பின் சீட்டிலேயே வைத்துக்கொண்டு போகலாம். கேட்டேன்.

"சீட்டுல கீறல் விழும்."

பிறகு பையிலிருந்து காப்பி பிளாஸ்க், ஏலக்காய் பன், இரண்டு கோப்பை. இரண்டு கோப்பை எதற்கு எடுத்து வந்தான்? அதைவிட — எனக்கு ஏன் கோபம் வரவில்லை?

ஆகஸ்ட் 17

இல்போ சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "கார் ஒரு வீட்ல, டிரெய்லர் ஒரு வீட்ல. வீண் அலைச்சல். ஒரே இடத்துல இருக்கலாம்."

"டிரெய்லரைச் சொல்றியா, உன்னைச் சொல்றியா?"

பதினொரு கிலோமீட்டர் யோசித்தான்.

"டிரெய்லர் தனியா வராது."

சிரித்துக்கொண்டேதான் ஓரம் கட்டினேன். அப்புறம் பார்த்தா அழறேன். ஏன்டி ரைலி, இதுக்கா அழுவாங்க? கையெழுத்துப் போட்டப்பகூட அழலையே நீ.

"வந்தா, நான் சொல்றதைக் கேப்பியா?"

"மே மாசத்துலேர்ந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். கியரைப் போட்டேன்.

செப்டம்பர் 14

இல்போவின் கட்டில், நான்கு பெட்டி, மீன்வலை, எல்லாம் என் வீட்டுக்கு. இரண்டு நடையில் முடிந்தது. மழை வருவதற்குள் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். படுக்கையறை அலமாரியில் அவனுக்கு இரண்டு தட்டு ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதும் வேண்டுமாம்.

யோசிக்கிறேன்.