ஏழாம் தீவின் கூன்வண்டு

மார்ச் 4

மரபணு முடிவு வந்துவிட்டது. மூன்றாம் தீவின் கூன்வண்டும் ஏழாம் தீவின் கூன்வண்டும் அச்சு அசல் ஒன்று! இந்த வண்டுகளுக்கு இறக்கை ஒட்டிப்போய்விட்டது, பறக்காது. அதனால்தான் தீவுக்கொரு இனமாகப் பிரிந்து, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அங்கங்கேயே கிடக்கின்றன. இவன் மட்டும் எப்படி நாற்பது கிலோமீட்டர் கடலைத் தாண்டினான்? மிதந்து வந்த மரக்கட்டைக்குள் — வேறு வழியே இல்லை.

மார்ச் 9

துறைத்தலைவிக்கு — எங்களுக்குள் அவர் ‘பூதக்கண்ணாடி’ — தலைகால் புரியவில்லை. “கட்டுரை வரட்டும், உன் வேலைய நிரந்தரமாக்குற ஃபைல்ல அன்னிக்கே கையெழுத்து” என்றார். ஐந்து வருடமாக ஆண்டுக்கொரு ஒப்பந்தத்தில் தொங்குகிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கடைசியில நம்ம குடும்பத்துக்கு விளக்கேத்தி வச்சது ஒரு வண்டா?”

மார்ச் 22

கட்டுரை அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 2

மழை. கடைக்குப் போக வீட்டுக்காரர் என் களக் குடையை விரித்தார். “உன் ஆளு ஒருத்தன் என் காலருக்குள்ள விழுந்துட்டான்.” செத்துக் காய்ந்த கூன்வண்டு. லென்ஸில் பார்த்தேன். மூன்றாம் தீவு இனம்.

அந்தக் குடையைத் தலைகீழாகப் பிடித்து, மேலே செடியை உலுக்கித்தான் வண்டு பிடிப்பேன். ஏழாம் தீவுக்குப் போன அன்று காலையில் மூன்றாம் தீவு, மாலையில்தான் ஏழாம் தீவு. ஆபத்தென்றால் காலை மடக்கிச் செத்தவன் போலக் கிடப்பது இவர்கள் குலத்தொழில். மடிப்புக்குள் இன்னொருத்தனும் அப்படிக் கிடந்திருந்தால்? ஏழாம் தீவில் எனக்குக் கிடைத்ததே ஒரே ஒரு வண்டு. குடையை உதறினேனா? படகைப் பிடிக்கிற அவசரம் — உதறலையே, கடவுளே, உதறலையே.

மரக்கட்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவனை அங்கே கொண்டுபோய் விட்டது நான்.

ஏப்ரல் 3

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? காலை முழுக்க இதே யோசனை. எனக்குத் தெரியுமே, சனியன். மத்தியானம் போய்ச் சொல்லிவிட்டேன்.

பூதக்கண்ணாடி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். “கட்டுரைய திரும்ப வாங்கிடு. கையெழுத்து போட முடியாதும்மா. இன்னும் ஒரு வருஷ ஒப்பந்தம் தரேன், திரும்பப் போய்ப் பாரு.” நான் கதவருகே போனதும், “வண்டு கடல் தாண்டுனது உண்மைதான், வாகனம்தான் தப்பு” என்றார்.

கழிவறையில் அழுதேன். நடுவில் அந்த ‘வாகனம்’ ஞாபகம் வந்து சிரித்தும் தொலைத்தேன்.

மே 17, ஏழாம் தீவு

பதினோராம் நாள். குடைக்குப் பதில் புத்தம்புது வெள்ளைத் துணி. கைக்கு எட்டிய செடியெல்லாம் உலுக்கியாயிற்று. எறும்பு, சிலந்தி, என் கழுத்தெல்லாம் அரிப்பு. கூன்வண்டு ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் அன்று கிடைத்தவன் என் குடையில் வந்தவன்தான். வரைபடத்தில் இந்தத் தீவின் மேல் நான் வைத்திருந்த புள்ளியை அழித்தேன்.

வீட்டுக்காரர் போனில், “ஏதாவது கெடச்சுதா?”

“ஒண்ணுமே இல்ல.”

என் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுப் பயந்துபோய், நேரத்துக்குச் சாப்பிடுறியா என்று விசாரித்தார்.