இடது பக்கம் இழுக்கிற ஜீப்

கோச்சடை, மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ள பாண்டிராஜுக்கு,

சாய்பிரசாத் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். சார்ஜாவில் வேலை, சாப்பாடு எல்லாம் உனக்கு ஒத்துக்கொண்டதா? வாட்ஸப்பில் எழுதினால் படித்துவிட்டு அழித்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கப்பா செத்த விஷயமாக உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் உன் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாடு கிளம்பும்போது அதை எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாய். அப்பா இல்லாத பையன், நீயாச்சும் வச்சு ஓட்டு மாப்ள என்றாய். இந்த மனசு யாருக்கு வரும் என்று அம்மா கண்கலங்கினாள். ஜீப் வாசலுக்கு வந்ததும் முன் பம்பருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். பம்பரின் இடது ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு ஓட்டத் தெரியுமே தவிர வண்டி பார்க்கத் தெரியாது. ஞாயிறுதோறும் அடியில் படுத்துப் படுத்துக் கற்றுக்கொண்டேன். கிளட்ச் வழுக்கியது, மாற்றினேன். ரேடியேட்டர் ஒழுகியது, பற்றவைத்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியர் விழாமல் அடம்பிடித்தது, அதையும் விழ வைத்தேன். ஒன்று மட்டும் தீரவே இல்லை. ஸ்டியரிங்கில் கையைத் தளர்த்தினால் வண்டி இடது பக்கம் போகிறது. டயரை மாற்றியும், அலைன்மென்ட் பார்த்தும் கொஞ்ச நாளில் மறுபடி இழுக்கும்.

ஆரப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் விருமாண்டி அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, இது எங்கயோ முட்டுன வண்டிப்பா, பம்பரைக் கழட்டாம ஒன்னும் தெரியாது என்றார். உனக்குப் போன் போட்டேன். கருவேலங்கட்டைல இடிச்சது மாப்ள, அதைப் போய் நோண்டிக்கிட்டுக் கெடக்காத என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

போன ஞாயிறு பம்பரைக் கழற்றினேன். சேஸிஸ் முனை உள்ளே வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட். பம்பருக்குப் பின்னால் ஒரு கந்தல் துணி செருகிக் கிடந்தது. வீசப் போனேன், விரலில் நெருடியது. சின்னச் சின்னதாய், வரிசையாய், சாயம் ஏறாத சுங்குடிச் சேலை முடிச்சுகள்.

அம்மா முடிச்சுப் போட்ட சேலைகளைத்தான் அப்பா விபத்தன்று எக்ஸெல் மொபெட்டில் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோனார். மேலக்கால் ரோட்டில், ஐப்பசி மழையில், ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னபோது நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பாடைக்கு முதலில் தோள் கொடுத்ததும் நீதான்.

அந்தத் துணிப்பொதியை யாரோ அப்பாவின் தலைக்கு அடியில் வைத்திருந்தார்கள். தலை தரையில் கிடக்கக் கூடாது என்று நினைத்த அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தனியாக ஒரு விளக்கு ஏற்றுகிறாள். பொதியில் மேலாக இருந்த சேலையில் ஒரு மூலை கிழிந்து போயிருந்தது. அதைச் சாயத்துக்குக் கொடுக்காமல் பீரோவில் வைத்திருக்கிறாள்.

துணியைக் காட்டினேன். அம்மா சேலையை எடுத்து விரித்துக் கிழிசலில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

பொதி உன் பம்பரில் மாட்டியிருக்கிறது, மாப்ள. அதைப் பிடுங்கியவன்தான் அப்பா தலைக்கு வைத்திருக்க முடியும். அப்படியானால் நீ இறங்கினாய். யாரென்று பார்த்தாய். நீ வந்துவிட்டாய், இனிப் பயமில்லை என்று அவர் நினைத்திருப்பார். சேற்றில் சிக்கின டிராக்டரையே இழுக்கும் வண்டி, பின்னால் காலி சீட்டு. தலையைத் தூக்கத் தெரிந்த உனக்கு ஆளைத் தூக்கத் தெரியவில்லையா? பாதி விலைக்குக் கொடுத்தால் பாவம் கழியும் என்று எந்தக் கோடாங்கி குறி சொன்னான்?

ஸ்டேஷனுக்குப் போவோம் என்றேன். முதல்ல அவன் வரட்டும் என்கிறாள் அம்மா. கடைசியாக அவர் சொன்னதைக் காதால் கேட்ட ஒரே ஆள் நீதான். அதை உன் வாயால் கேட்க வேண்டுமாம். எனக்கும் அது மட்டும்தான் தெரிய வேண்டும்.

தை மாதம் உன் தங்கை பாண்டிமீனா கல்யாணத்துக்கு வருவாய் அல்லவா? ஏர்போர்ட்டுக்கு நானும் அம்மாவும் ஜீப்பிலேயே வருகிறோம். வளைந்ததை நிமிர்த்தவில்லை, அப்படியே இருக்கிறது. உங்கள் ஊருக்கு மேலக்கால் ரோடுதானே வழி. முன் சீட்டு உனக்கு.

முந்தாநாள் வெள்ளிக்கிழமையும் அம்மா அந்த விளக்கை ஏற்றினாள். இத்தனை நாள் பேர் தெரியாமல் ஏற்றியவள், இப்போது உன் பேரைச் சொல்லி ஏற்றுகிறாள். ஒரு குறையும் இல்லாமல் நீ ஊர் வந்து சேர வேண்டுமாம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
சாய்பிரசாத்