முதல் கொத்து

தெரேயின் அப்பாவுக்கு,

ராரோதொங்காவில் மழை விட்டுவிட்டது. தெரே நலம்.

போன மாதம் அவன் தலையில் மயிர்க்காலுக்கு ஒன்றாகச் சீழ்க்கொப்புளம். உன் அம்மா தேங்காயெண்ணெயில் பச்சிலை காய்ச்சித் தேய்த்தார். இன்னும் அதிகமானது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெபாயேரு என்னைத்தான் திட்டினாள்.

"இப்படி இறுக்கிப் பின்னி, எண்ணெயை வேற அப்பினா புண்ணாகாம என்ன செய்யும்? ஆன்டிபயாடிக் மாத்திரையும் களிம்பும் தர்றேன். ஆனா முடியை எடுத்துடு, களிம்பு தோல்ல படணும்."

பிறந்ததிலிருந்து வெட்டாத முடியை இறக்கும் விழாவில் முதல் கொத்தை நீ வெட்டவேண்டும் என்றுதான், ஆக்லாந்திலிருந்து வருவாய் வருவாய் என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். நீ வந்திறங்கும் நாளில் கலையாமல் இருக்கட்டும் என்றுதான் தினமும் இறுக்கிப் பின்னினேன்.

அன்று மாலை நானே வெட்டினேன். உன் அம்மா விழாவுக்கென்று தைத்த பூவேலை விரிப்பை நாற்காலியில் போடவில்லை. யாரையும் அழைக்கவில்லை.

தெரே மொட்டைத்தலையைத் தடவிப் பார்த்தான்.

"முடிதான் போயிடுச்சே, இனிமே அப்பா எதுக்கும்மா வரணும்?"

ஏழு நாள் மாத்திரை முடிந்தது. புண் ஆறிவிட்டது. அவன் கேட்டதற்கு மட்டும் நீயே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் மகனின் அம்மா