மாடி அறைக்கு வந்த விருந்தாளிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைத் தேடினார் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, போதாததற்கு உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லுவாள்.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் தம்பியின் அம்மா போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை உன்னை மடியில் வைத்திருந்த மகராசி. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், தெருவே அங்கேதான் இருந்தது, நான் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஊர் சுற்றிப் பார்க்க வந்து நம் மாடி அறையில் தங்கியிருந்த புருஷனும் பெண்டாட்டியும் தொப்பியோடு உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்கள். அந்த ஆள், கிடத்தியிருந்த அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அறையை நாள் வாடகைக்கு நீ இன்டர்நெட்டில் போட்டபோது என்ன எழுதட்டும் என்று கேட்டாயே, எங்கள் தெருவில் பகலில் ஒரு வீடும் சாத்துவதில்லை, எங்கே வேண்டுமானாலும் நுழையலாம், படம் எடுக்கலாம் என்று பெருமையடித்தவன் நான்தான். அடுத்தவன் வீட்டைக் காட்டி நம் அறைக்கு ஆள் பிடித்திருக்கிறேன், ஒருத்தரையாவது கேட்டேனா. டிரைவர்தான் எழுந்து அவர்களுக்கு நாற்காலி போட்டார், அண்ணன் வீட்டு விருந்தாளிங்க, நிக்க வச்சா நல்லா இருக்காது என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரு கதவெல்லாம் தொறந்துவிட்டீங்க, உங்க வாய்க்கு ஒரு கதவு இல்லாம போச்சே என்றாள் உன் அம்மா.

நம்மைப் பார்த்துத்தான் மற்றவர்களும் அறை விட ஆரம்பித்தார்கள். அதனால் தெருவில் வாடகை எல்லாருக்கும் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், தையல் மிஷினை எங்கே தூக்கிக்கொண்டு போவார் பாவம். நம் மாடியை அவருக்கே விட்டுவிடலாம் என்று அம்மா சொல்கிறாள், நானும் சரி என்றுவிட்டேன். அதனால் நம் அறையை இன்டர்நெட்டிலிருந்து உடனே எடுத்துவிடு.

இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று டிரைவர் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் விடுங்கண்ணே, வாடகை கட்டுப்படியாகல, அம்மா படுத்திருந்த ரூம் சும்மாதானே கெடக்கு, வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டேன், பொண்ணுகிட்ட சொல்லி உங்க ரூம் மாதிரியே போட்டுத் தரச் சொல்லுங்க என்றார். கட்டிலைக் கூடக் கழுவிக் காயப் போட்டுவிட்டாராம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. டிரைவர் உன்னைப் போனில் கூப்பிடுவார், முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, அதைச் சொல்கிற யோக்கியதை நமக்கு இல்லை. என்ன எழுத வேண்டும் என்று அவரையே கேட்டு எழுது.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உன் அப்பா