வண்டியை விற்கிறேன், ஊரை அல்ல

ஆடி 6, திங்கள்
விடியற்காலை முதல் சாரல். வண்டியின் கூரைத்துணி மறுபடி ஒழுக்கு. பின்பக்க ஸ்பிரிங் முறிவு, இந்த வருஷம் மூன்றாவது தடவை. நெய்யாற்றின்கரை மெக்கானிக் குட்டன் மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "முதலாளி, இது வண்டியில்லை, கைக்குழந்தையாக்கும். எப்பவும் ஒரு ஆளு கூடவே இருக்கணும்" என்றார்.
விற்க: உதிரிப் பாகம் வர மாதக்கணக்கு. எல்லைப் போராட்டக் கடையடைப்பு அன்று வெளியே எடுக்க முடியாது. ஊர்வலத்துக்குத் தமிழ், மலையாளம் இரண்டு கட்சியும் கேட்கிறது. கொடுத்தாலும் பகை, கொடுக்காவிட்டாலும் பகை.
வைக்க: தலையில் கருப்பட்டிக் கடவப்பெட்டி சுமந்து நடந்த ரோட்டில் முதன்முதலாக ஓட்டிய கார். எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது அவரிடம் வாங்கியது. வேறு காரணம் இல்லை.
விற்பது என்று முடிவு.

ஆடி 8, புதன்
'விற்பனைக்கு' என்று அட்டை. தமிழிலும் மலையாளத்திலும். எது மேலே என்று அரை நாள் யோசனை. கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி முன்னால் கட்டினேன். மனைவி தங்கத்துக்குச் சிரிப்பு. "எல்லைக் கமிஷன்ல உம்மளப் போட்டிருக்கணும்."

ஆடி 10, வெள்ளி
மழை இல்லை. வெற்றிலை வரத்து குறைவு. சந்தையில் ஒருவன்கூட விலை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணாச்சி எப்போ போறீரு?"
எங்கே போக? சவரக்கடையில் பேச்சு, நான் வாசலில் நிற்பது தெரியாமல்:
"எலே, அவரு வண்டிய விக்காராம். அவரு போறாருன்னா நம்ம பாறசாலை கேரளத்துக்குத்தான், உறப்பு."
"அவருக்கு எப்படித் தெரியும்?"
"கொப்பரை விலை ஏறுறது அவருக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான்."
கொப்பரை விஷயம் உண்மைதான். நான் வாங்கினால் மறுநாள் ஊரே வாங்கும். எல்லை விஷயத்தில் எனக்கு என்ன தெரியும்? பக்கத்துத் தாலுகா விளவங்கோடு தமிழ் ராஜ்யத்தோடு சேரும் என்கிறார்கள். நாங்கள் எந்தப் பக்கம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.
மாலையில் பெருங்கடவிளை நாயர் வந்தார். வண்டி பிடித்திருக்கிறது. வாங்கவில்லை. "நிங்ஙள் எந்தாயாலும் போகுவல்லே? பின்னே எனிக்கெந்தினா தெறுதி?" நான் போகப்போகிறவன், அவருக்கு ஏன் அவசரம் என்கிறார். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆடி 12, ஞாயிறு
ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சாமுவேல் வாத்தியார் கையைப் பிடித்து அழுத்தினார். தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார், எங்களுக்கு அடுத்த விளைத் தோட்டம் அவருடையது.
"நீரு சொல்லாட்டாலும் மனசிலாச்சு."
"ஸ்பிரிங் முறிஞ்சு போச்சு வாத்தியாரே. அதுக்குத்தான் விக்கேன்."
"ஆமா, ஆமா. ஸ்பிரிங்." கண்ணைச் சிமிட்டினார்.
முப்பது வருஷ வியாபாரத்தில் உள் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. முதல் தடவை சொன்னேன். நம்பவில்லை.

ஆடி 14, செவ்வாய்
அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். மேஸ்திரியிடம் ஸ்பிரிங் மாற்றி, கூரைத்துணி தைத்து, பாலராமபுரம் வரை சும்மா ஓட்டி வந்தேன். எங்கும் போகவில்லை என்று ஊர் பார்க்கட்டும்.
ஊர் பார்த்தது. "தூர ஓட்டத்துக்கு வண்டிய ரெடியாக்குதாரு."
தங்கம்: "வித்தாலும் போறீரு, வெச்சாலும் போறீரு. இனி என்ன செய்வீரு?"
எண்ணெய்த் துணியை எடுத்து வண்டியைத் துடைத்தேன்.

ஆடி 16, வியாழன்
சாமுவேல் வாத்தியார் வீட்டையும் விளையையும் பாதி விலைக்கு முடித்துவிட்டார். அச்சாரமும் வாங்கியாயிற்று. ஓடினேன். சத்தம் போட்டேன்.
"உமக்குப் பைத்தியமா ஓய்? யாரு சொன்னா?"
"நீரு மட்டும் நேரத்தோட தப்பிச்சுக் கழிச்சிலாவணும், நாங்க கிடந்து சாவணுமா? ஒரு வாக்கு சொல்லியிருந்தா நல்ல விலைக்கு வித்திருப்பேன்."
வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார்.
"அண்ணாச்சி, சனிக்கிழமை வண்டி கிட்டுமா? கொஞ்சம் சாமான் உண்டு."
துண்டை உதறித் தோளில் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆடி 18, சனி
கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நானே ஓட்டினேன். தையல் மிஷின், இரண்டு அண்டா, பாய்க்கட்டு, கூடையில் கோழி. முன்சீட்டில் வாத்தியார். விளவங்கோட்டுப் பக்கம் குழித்துறையில் கொண்டு இறக்கினேன். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவன்கூடக் கை காட்டவில்லை.
திரும்பும்போது வேண்டுமென்றே மெதுவாக, ஹார்ன் அடித்துக்கொண்டு. காலி வண்டி, நான் திரும்பி வருகிறேன், பாருங்கள் என்று.
வீட்டு வாசலில் நான்கு பேர். தறிக்காரன் பொன்னையன் முன்னால் வந்து ஸ்டியரிங்கைத் தொட்டான்.
"அண்ணாச்சி, குழித்துறைக்கு அடுத்த ஓட்டம் எப்போ? எங்களுக்கு ஒரு தறி உண்டு. பின்னால கெட்டலாமா?"